மஞ்சளுக்குக் கேட்ட மருந்து வெங்காயத்துக்கு ஏன் கேட்கவில்லை?

சிவகிரிப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மஞ்சளில் கிழங்கழுகலுக்கு ஊற்றிய மெட்டலாக்சில், மான்கோசெப் கலவை நன்றாகக் கேட்டது. அதையே சின்ன வெங்காயத்தின் அடியழுகலுக்கு இரண்டு தடவை ஊற்றியும் பாத்தி பாத்தியாகப் போய்விட்டது. "ரெண்டும் ஃபங்கஸ், ரெண்டும் அழுகல்தானுங்களே?" என்கிறீர்கள். கூடவே, வேளாண்மை படிக்கும் மகளின் புத்தகத்தில் பூஞ்சாணங்களை ஐந்து பிரிவாகப் போட்டிருக்கிறது, இணையத்தில் பார்த்தால் அதில் ஒரு பிரிவு பூஞ்சாணமே இல்லை என்கிறார்கள், இன்னொரு பிரிவு ஒழிந்தேபோய்விட்டது என்கிறார்கள், எதை நம்புவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி வகைப்பாட்டைப் பற்றியது மாதிரி இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பெயர் தெரிந்தால் மருந்து மாறுமா? மாறும். உங்கள் இரண்டு அழுகலுக்கும் நடுவில் இருக்கும் தூரம், வெள்ளாட்டுக்கும் வேப்பமரத்துக்கும் இருக்கும் தூரத்துக்குக் குறைந்ததில்லை.

மஞ்சள் கிழங்கை அழுகவைப்பதில் முதல் ஆள் பித்தியம் அஃபானிடெர்மேட்டம். வெங்காயத்தின் அடித்தட்டை அழுகவைப்பது ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம். இரண்டும் நூல்நூலாகப் படரும், வெள்ளையாகப் பூக்கும், பரவுவதற்கு நுண்ணிய வித்து விடும். அந்தத் தோற்றத்தை நம்பித்தான் நெடுங்காலம் இரண்டையும் ஒரே கூடையில் போட்டு வைத்திருந்தார்கள். உடம்பைப் பிரித்துப் பார்த்தால் ஒட்டுறவு இல்லை. ஃபியூசேரியம் அசல் பூஞ்சாணம். அதன் செல் சுவரில் கைட்டின் இருக்கும், செல் சவ்வில் எர்கோஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருள் இருக்கும். பித்தியம், ஊமைசீட்ஸ் என்ற வேறொரு கூட்டம். அதன் சுவர் செல்லுலோஸும் குளூக்கனும். எர்கோஸ்டீராலைச் செய்துகொள்ள அதற்குத் தெரியாது. வித்துகள் இரண்டு வாலோடு வெளியே வந்து ஈரமண்ணில் நீந்திப் போகும். உறவுமுறை பார்த்தால் பழுப்புக் கடற்பாசிதான் இதற்குப் பங்காளி. பித்தியம், ஃபைட்டோப்தோரா, அடிச்சாம்பல் நோய்களை உண்டாக்கும் அத்தனையும், கடுகுக் குடும்பத்தில் வரும் வெண்துருவும் இந்தக் கூட்டத்தில் அடங்கும்.

இந்த ஒரு கோடுதான் மருந்துக்கடையில் பணமாக மாறுகிறது. ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல், டெபுகோனசோல் என்று 'கோனசோல்' என முடிகிற மருந்தெல்லாம் எர்கோஸ்டீரால் உற்பத்தியைத் தடுப்பவை. அதைச் செய்யாத பித்தியத்தின் மேல் ஊற்றினால் தடுப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. கார்பன்டாசிம் செல் பிரிவதற்கு வேண்டிய டியூபுலின் என்ற புரதத்தில் போய் ஒட்டுவது, ஊமைசீட்ஸின் டியூபுலினில் அது ஒட்டாது. மெட்டலாக்சில் இதற்கு நேர் எதிர். ஊமைசீட்ஸின் ஆர்என்ஏ உற்பத்தியை நிறுத்தும், அசல் பூஞ்சாணத்தைச் சீண்டாது. டைமெத்தோமார்ஃப், சைமாக்சனில் ஆகியவையும் அப்படித்தான். தாமிர மருந்துகளும் மான்கோசெப்பும் பல இடத்தில் ஒரே சமயம் தாக்குவதால் இரண்டு கூட்டத்துக்கும் வேலை செய்யும். ஆனால் அவை மேலே படிந்து வித்து முளைக்காமல் காப்பவை, செடிக்குள் புகுந்து குணப்படுத்துபவை அல்ல. அசாக்சிஸ்ட்ரோபின் வகை இரண்டு பக்கமும் ஓரளவு பிடிக்கும்.

உங்கள் வெங்காயத்தில் என்ன நடந்தது என்று இப்போது புரியும். கலவையில் 8 சதம் மெட்டலாக்சில், 64 சதம் மான்கோசெப். மெட்டலாக்சில் பங்கு முழுக்க வீண். மான்கோசெப் மண்ணில் சீக்கிரம் சிதைந்துவிடும், அடித்தட்டுக்குள் ஏற்கெனவே குடியேறிவிட்ட ஃபியூசேரியத்தை எட்டிப் பிடிக்காது. கார்பன்டாசிம் ஊற்றியிருந்தால் நின்றிருக்குமா என்றால், வேர் கழன்று தாள் மஞ்சளாகச் சாய்ந்த செடிக்கு எதுவும் நிற்காது. விதை வெங்காயத்தை லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் கரைசலில் நனைத்து நட்டிருந்தால் பயன் இருந்திருக்கும். அடியழுகலை நடுவதற்கு முன்னால் கவனிக்கலாம், நட்ட பிறகு குறைக்கத்தான் முடியும்.

மஞ்சளையே எடுத்துக்கொண்டால் வகைப்பாடு எப்படி உதவும் என்பது தெளிவாகத் தெரியும், ஏனென்றால் ஒரே செடியில் இரண்டு கூட்டத்திலிருந்தும் மூன்று நோய் வருகிறது. கிழங்கழுகல் ஊமைசீட்ஸ் என்று சொன்னோம். அது தண்ணீரோடு நீந்தி வருவதால் மடை வாயிலிருந்து தண்ணீர் போகும் திசையிலேயே பரவும். தண்டின் அடி நீர்கோத்த மாதிரி மெத்தென்று ஆகி, இழுத்தால் கையோடு வரும். அழுகிய தூரை மண்ணோடு அப்புறப்படுத்தி, அந்தக் குழிக்கும் சுற்றியுள்ள தூர்களுக்கும் லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலவையை வேர்ப்பாகம் நனைய ஊற்றுவது சரி. ஆனால் வடிகால் எடுக்காமல் ஊற்றினால் நீந்துவதற்கு வழியையும் நாமே செய்துகொடுக்கிறோம். இரண்டாவது இலைப்புள்ளி, கொலிட்டோட்ரைக்கம். நீளவாட்டில் பெரிய புள்ளி, நடுவில் சாம்பல் நிறம், சுற்றி மஞ்சள் வளையம். நடுப்பகுதியில் மிளகுத்தூள் தூவினாற்போலக் கரும்புள்ளிகள். மூன்றாவது இலைக்கருகல், டாஃப்ரினா மாக்குலன்ஸ். கடுகளவுப் புள்ளிகள் இலையின் இரண்டு பக்கமும் நெருக்கமாக வந்து, ஒன்றோடொன்று கூடி, இலை முழுக்க அழுக்கு மஞ்சளாகி வாட்டியெடுத்த மாதிரி இருக்கும். இந்த இரண்டும் அசல் பூஞ்சாணம், இரண்டும் அஸ்கோமைக்கோட்டா என்ற பெரும்பிரிவு. ஆகவே இலையில் புள்ளி கண்டதும் கிழங்கழுகலுக்கு வாங்கி மீந்துபோன மெட்டலாக்சில் கலவையைத் தெளித்தால் வேலை செய்வது அதிலுள்ள மான்கோசெப் மட்டும்தான். அதற்குத் தனி மான்கோசெப் லிட்டருக்கு 2.5 கிராம் அடித்தால் போதும். மெட்டலாக்சிலைத் தேவையில்லாத இடத்திலெல்லாம் இறைப்பதில் வேறொரு ஆபத்தும் உண்டு. ஒரே இடத்தில் தாக்கும் மருந்து என்பதால் நோய்க்கிருமி சீக்கிரம் பழகிக்கொள்ளும். அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் உருளைக்கிழங்குத் தோட்டங்களில் 1980இலேயே இது நடந்துவிட்டது.

நம் பேச்சுவழக்கு நோய்ப்பெயர்கள் அறிகுறியை வைத்து வந்தவை, அதனாலேயே ஏமாற்றும். அழுகல் ஒன்று, சாம்பல் இன்னொன்று. சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் பெயரில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. சாம்பல் நோய் அசல் பூஞ்சாணம், அடிச்சாம்பல் ஊமைசீட்ஸ். திராட்சையில் இரண்டும் வரும். சாம்பல் நோயில் விரலால் துடைத்தால் மாவு போல ஒட்டும். இலை நனைந்திருக்க வேண்டியதில்லை, இரவில் குளிர்ந்தாலே போதும். அடிச்சாம்பலில் இலையின் மேலே எண்ணெய் பட்டாற்போல மஞ்சள் திட்டு, அதற்கு நேர் அடியில் காலை நேரத்தில் வெண்பஞ்சு. இலையில் ஈரம் நின்றால்தான் வரும். முன்னதற்கு நனையும் கந்தகம் வேலை செய்யும், பின்னதற்குக் கந்தகத்தால் பிரயோஜனமில்லை, 1 சத போர்டோ கலவையோ மெட்டலாக்சில் கலவையோ வேண்டும். இலையின் மேலா கீழா என்று மட்டும் பார்த்து முடிவு கட்டவும் கூடாது. மிளகாயில் வரும் சாம்பல் நோய் லெவில்லுலா என்பது. அது இலைக்குள்ளே வளர்ந்து அடிப்பக்கத்தில்தான் வெள்ளை பூக்கும், மேலே வெறும் மஞ்சள் திட்டு தெரியும். அதை அடிச்சாம்பல் என்று நினைத்து மெட்டலாக்சில் அடிப்பவர்கள் நிறைய. (கந்தகத்தை உச்சிவெயிலில் எதற்கும் அடிக்க வேண்டாம். பாகல், புடலை, பூசணிக்கு எப்போதுமே யோசித்து அடியுங்கள், இலை கருகும்.)

சோளத்திலும் இதே கதை. அடிச்சாம்பலுக்கு விதை நேர்த்தி கிலோவுக்கு 6 கிராம் மெட்டலாக்சில். கரிப்பூட்டைக்கு அது உதவாது, அங்கே கந்தகம்தான், ஏனென்றால் கரிப்பூட்டை பசிடியோமைக்கோட்டா என்ற மூன்றாவது வீட்டுக்காரன். துரு நோய்களும் காளான்களும் அந்த வீடுதான்.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்று வீடும் ஒரே மரத்தில் வரும். குருத்தழுகல் ஃபைட்டோப்தோரா பால்மிவோரா, அதாவது ஊமைசீட்ஸ். தண்டில் செந்நிறச் சாறு வடிவது தைலேவியாப்சிஸ், அஸ்கோமைக்கோட்டா. அடித்தண்டழுகல் எனும் தஞ்சை வாடல் கானோடெர்மா, பசிடியோமைக்கோட்டா. மரத்தடியில் விசிறி மாதிரிக் காளான் முளைத்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் காளான் வெளியே தெரிவதற்குள் உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும். கடைசி இரண்டும் எர்கோஸ்டீரால் உள்ளவை. தஞ்சை வாடலுக்கு 100 மில்லி தண்ணீரில் 2 மில்லி ஹெக்சகோனசோல் கலந்து வேர் வழியாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டச் சொல்வது அதனால்தான். குருத்தழுகலுக்கு அதே மருந்தைக் கட்டிப் பயனில்லை. அங்கே அழுகிய பகுதியைச் சீவி எடுத்து போர்டோ பசை தடவ வேண்டும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் பேசப்படும் கேரள வாடல் இந்த மூன்றிலும் சேராது. அது ஃபைட்டோபிளாஸ்மா, பூச்சி வழியாகப் பரவும் பாக்டீரியா இனம். எந்தப் பூஞ்சாணக்கொல்லியும் அதன் மேல் வேலை செய்யாது. வாடல் என்ற சொல்லை மட்டும் வைத்து மருந்து கட்டினால் செலவுதான் மிஞ்சும்.

இனி மகளின் புத்தகத்துக்கு வருவோம். ஐந்து பிரிவு என்பது 1973இல் பூஞ்சாண ஆய்வாளர் எய்ன்ஸ்வொர்த் கொடுத்த ஏற்பாடு: மாஸ்டிகோமைக்கோடினா, சைகோமைக்கோடினா, அஸ்கோமைக்கோடினா, பசிடியோமைக்கோடினா, டியூட்டிரோமைக்கோடினா. அப்போது அதுவே நல்ல ஏற்பாடு, தேர்வுக்கு இன்றும் அதைப் படிக்கத்தான் வேண்டும். முதல் பிரிவில் நீந்தும் வித்து உள்ளதையெல்லாம் அடக்கியிருந்தார்கள். அதிலிருந்து ஊமைசீட்ஸ் வெளியே போய்விட்டது. கடைசிப் பிரிவு இனப்பெருக்கத்தின் ஆண்–பெண் நிலை கண்டுபிடிக்கப்படாதவற்றுக்கான தற்காலிகத் திண்ணை. ஃபியூசேரியம், ஆல்டர்நேரியா, கொலிட்டோட்ரைக்கம், செர்கோஸ்போரா என்று பயிர்நோயில் பாதிப் பேர் அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவற்றை வித்தின் நிறம், வடிவம், எத்தனை தடுப்பு என்று பார்த்துப் பிரித்தவர் இத்தாலியரான சக்கார்டோ. வித்து எப்படி உருவாகிறது என்பதே முக்கியம் என்று 1953இல் ஹியூஸ் என்ற ஆய்வாளர் சொன்னார். அந்த வழியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி.வி. சுப்ரமணியன் செய்த வேலை உலகம் முழுக்க மதிக்கப்பட்டது. மரபணு வரிசையைப் படிக்க முடிந்த பிறகு திண்ணைக்கு அவசியமில்லாமல் போயிற்று. பெரும்பாலானவை அஸ்கோமைக்கோட்டா வீட்டுக்கும், தண்டை அழுகவைக்கும் ஸ்கிளெரோஷியம் ரோல்ஃப்சி, ரைசோக்டோனியா போன்றவை பசிடியோமைக்கோட்டா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தன.

பெயர்க் குழப்பத்துக்கு இன்னொரு காரணம், ஒரே பூஞ்சாணத்துக்கு வித்து நிலைக்கு ஒரு பெயர், ஆண்–பெண் நிலைக்கு ஒரு பெயர் என்று இரண்டு பெயர் சட்டப்படியே செல்லுபடியானது. 2011 மெல்பர்ன் மாநாட்டில் ஒன்றுக்கு ஒரு பெயர் என்று முடிவாகி, 2013 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதனால் பழைய புத்தகத்தில் ஒரு பெயரும் புதிய கட்டுரையில் வேறொன்றும் இருந்தால் இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம். பெயர் மாறுவது புதிதும் இல்லை. கோதாவரிப் பக்கம் பனைகளைக் கொன்ற குருத்தழுகலுக்கு 1907இல் பித்தியம் பால்மிவோரம் என்று பெயர் வைத்த பட்லரே, 1919இல் அதை ஃபைட்டோப்தோராவுக்கு மாற்றினார். இரண்டும் ஊமைசீட்ஸுக்குள்தான், வீடு மாறவில்லை. வீடு மாறினால்தான் மருந்து மாறும், கடைசிப் பெயர் மாறினால் பயப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் வீடு தெரிந்தால் போதுமா? போதாது. மருந்துக்குப் பெரும்பாலும் போதும், பயிர்ச் சுழற்சிக்கும் ரகத்துக்கும் போதாது. ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் வெங்காயத்தினுடையதும் தக்காளியினுடையதும் வாழையினுடையதும் ஒரே மாதிரி இருக்கும். எந்தச் செடியைத் தாக்குகிறது என்பதை வைத்துத்தான் வெங்காயத்துக்கு உரியதைச் 'சீபே' என்றும் வாழைக்கு உரியதைக் 'கியூபென்ஸ்' என்றும் தனித்தனிச் சிறப்பு வடிவமாகப் பிரிக்கிறார்கள். வெங்காயத்தை அழுகவைத்தது வாழையை வாட்டாது. ஆகவே அந்தக் காட்டில் மூன்று நான்கு வருஷம் வெங்காயமும் பூண்டும் போடாமல் வேறு வெள்ளாமை போகலாம். ஆனால் தடித்த சுவருள்ள வித்துகள் மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும், சுழற்சியால் அளவு குறையுமே தவிர அற்றுப்போகாது. வாழையில் இன்னும் ஒரு படி கீழே இனம் பார்க்க வேண்டும். இனம் 1 ரஸ்தாளியை வாட்டும், ஜி9 ரக வாழையை விட்டுவிடும். வெப்பமண்டல இனம் 4 ஜி9ஐயும் விடாது. கண்ணால் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது, மரபணுச் சோதனைதான் வழி.

அசல் பூஞ்சாணத்துக்குள்ளும் மருந்து ஒரே சீராக வேலை செய்வதில்லை. கார்பன்டாசிம் ஃபியூசேரியத்துக்கும் பெரும்பாலான கொலிட்டோட்ரைக்கத்துக்கும் வேலை செய்யும். கருநிற வித்துள்ள ஆல்டர்நேரியாவுக்கு வேலை செய்யாது. உங்கள் வெங்காயத் தாளில் ஊதா நிறத்தில் நீள்வட்டப் புள்ளி வந்தால் அது ஆல்டர்நேரியா போரை. மான்கோசெப் அல்லது டெபுகோனசோல் அடியுங்கள், வெங்காயத் தாள் மெழுகுபோல வழுக்குவதால் ஒட்டும் திரவம் சேர்க்காமல் அடித்தால் பாதி மண்ணுக்குத்தான் போகும். இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது: நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கவென்று ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மாவை 20 கிலோ மட்கிய தொழுவுரத்தில் கலந்து போட்டுவிட்டு, அடுத்த வாரமே கார்பன்டாசிம் ஊற்றுவது. டிரைக்கோடெர்மாவும் பூஞ்சாணம்தான், அதுவும் ஃபியூசேரியம் இருக்கும் அதே வரிசையைச் சேர்ந்த நெருங்கிய சொந்தம். ஃபியூசேரியத்துக்கு வைத்த நஞ்சு இதையும் கொல்லும். தனி மெட்டலாக்சில் அதை ஒன்றும் செய்யாது.

வீட்டிலேயே எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம் என்றால், பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவும் இருந்தால் பாதி வழி போகலாம். முழுக்க அழுகியதை எடுக்காதீர்கள், அதில் ஊரிலுள்ள பூசணமெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும். நோயும் நல்ல பாகமும் சந்திக்கும் விளிம்பை எடுத்துக் கழுவி, டப்பாவில் ஈரக் காகிதம் விரித்து அதன்மேல் வைத்து மூடி, நிழலில் ஒரு நாள் இரண்டு நாள் விடுங்கள். வெளிர் ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுப்பான துளிகள் வந்தால் கொலிட்டோட்ரைக்கம். வெள்ளைப் பஞ்சு ரோஜா நிறமாக மாறினால் ஃபியூசேரியமாக இருக்க வாய்ப்பு. விசிறிபோல வெள்ளை நூலும் பிறகு கடுகு போன்ற பழுப்பு மணிகளும் வந்தால் ஸ்கிளெரோஷியம். தலையில் கருப்புப் பொட்டுடன் உயரமாக முடி முளைத்தால் அது ரைசோபஸ், நோய்க்காரன் அல்ல, செத்ததைத் தின்ன வந்தவன். பித்தியம் ஒரே இரவில் மெல்லிய சிலந்திவலையாகப் படரும். ஆனால் லென்ஸில் பார்த்து இதுதான் என்று சத்தியம் பண்ண முடியாது. நுண்ணோக்கியில் நூலுக்குள் குறுக்குச் சுவர் இல்லை என்பதும் முடிவான சாட்சி அல்ல, ரைசோபஸுக்கும் குறுக்குச் சுவர் கிடையாது. தக்காளி, கத்தரி திடீரென்று பச்சையாகவே வாடினால் முதலில் தண்டைக் குறுக்காக வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். சில நிமிஷத்தில் பால்போல இழையிறங்கினால் அது பாக்டீரியா வாடல், பூஞ்சாண மருந்துக்கே வேலையில்லை.

ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் சில எல்லைகள் உண்டு. துரு, சாம்பல், அடிச்சாம்பல் ஆகியவை உயிருள்ள செடியில்தான் வளரும். அவற்றைச் சாதாரணத் தட்டில் வளர்க்க முடியாது. 'எதுவும் வளரவில்லை' என்று முடிவு வந்தால் நோயில்லை என்று அர்த்தமல்ல. மரபணுச் சோதனையில் ஐடிஎஸ் என்ற பகுதியைப் பூஞ்சாணங்களுக்கான அடையாளமாக 2012இல் முன்வைத்தார்கள். அது பேரினம் வரை நன்றாகச் சொல்லும். ஃபியூசேரியம், கொலிட்டோட்ரைக்கம், ஆல்டர்நேரியா ஆகியவற்றில் சிற்றினத்தைப் பிரிக்க அது மட்டும் போதாது, கூடுதல் மரபணுக்களையும் பார்க்க வேண்டும். மஞ்சள் கிழங்கழுகலிலும் பித்தியத்தோடு ஃபியூசேரியமும் நூற்புழுவும் கிழங்கு ஈயின் புழுவும் சேர்ந்தே கிடைப்பதுண்டு. அந்த ஈப் புழு முதலில் வந்து அழுகலைத் தொடங்குகிறதா, அழுகியதைத் தேடி வருகிறதா என்பதில் ஆய்வாளர்களிடமே ஒருமித்த கருத்து இல்லை. இரண்டாவதன் பக்கமே சாட்சி கனமாக இருக்கிறது. அதனால் சரியான மருந்து ஊற்றியும் மஞ்சளில் நோய் அடங்காத தூர்களைத் தனியாகச் சோதிப்பது நல்லது.

மாதிரி எடுப்பதானால் மருந்து அடிப்பதற்கு முன்பு எடுங்கள். இப்போதுதான் வாடத் தொடங்கிய செடிகள் நான்கைந்தை வேர்மண்ணோடு தோண்டி, செய்தித்தாளில் சுற்றுங்கள். பாலித்தீனில் கட்டினால் வேர்த்து வழியிலேயே அழுகி, நோய்க்கிருமியை மற்றவை மூடிவிடும். ரகம், நட்ட தேதி, முன்வெள்ளாமை, இதுவரை ஊற்றிய மருந்தும் தேதியும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையிலோ பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கலாம். அதுவரை ஒன்று மட்டும் தள்ளிப்போட முடியாதது: அழுகல் வந்த பாத்திகளிலிருந்து தேறிய வெங்காயத்தை, பார்க்க நன்றாக இருந்தாலும், விதைக்கென்று பட்டறையில் போடாதீர்கள். அடித்தட்டில் தொற்று இருந்தால் வெளியே தெரியாமல் பட்டறைக்குள்ளேயே பரவி, அடுத்த பட்டத்துக்கு உங்கள் கையாலேயே வேறு காட்டுக்குப் போகும்.